மலிவு விலை ரிவால்வர்: வாங்கும் முன் தரத்தையும் வாரண்ட்டியையும் எப்படிச் சோதிப்பது?

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ரிவால்வர்கள் அருகருகே இருக்கும். ஒன்று 300 டாலர் சொச்சம், இன்னொன்று அதைவிட இரண்டு மடங்கு. இரண்டும் அதே .38 ஸ்பெஷல் தோட்டாவைத்தான் சுடும். "அப்படியானால் மிச்சப் பணம் எதற்கு?" என்று என்னிடம் கேட்காத நண்பர் இல்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. அதை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிகளை அதன் அதிகார வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. ரொட்டி சுடும் டோஸ்டர் தீப்பிடித்தால் "எல்லாவற்றையும் திரும்பப் பெறு" என்று நிறுவனத்தை வற்புறுத்த அரசாங்கத்தில் ஆள் உண்டு. ரிவால்வர் கைதவறிக் கீழே விழும்போது தானாகச் சுட்டுவிட்டால் அப்படி வற்புறுத்த அந்த ஆணையத்தால் முடியாது. நிறுவனம் தானாக முன்வந்து அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வழக்குப் போட வேண்டும். ஆகவே நம் கையில் இருப்பவை இரண்டு: வாங்கும்போது நாமே செய்யும் பரிசோதனை, வாங்கியபின் நிறுவனம் தரும் சர்வீஸ். விலை குறையக் குறைய இந்த இரண்டின் எடையும் கூடுகிறது.

சோதனைக்குப் போகும் முன் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. "ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுட்டால் பரவாயில்லை" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள், கையில் வைத்திருப்பதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்கள் வாங்கலாம்; உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல்.

படி 1: யார் செய்தது என்று பாருங்கள்

மலிவு விலைப் பிரிவில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் ஏழெட்டுக்குள்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் குடும்பம் இன்னும் சிறியது.

டாரஸ் பிரேசில் நிறுவனம், 1939-ல் தொடங்கியது. அமெரிக்கக் கிளை பல ஆண்டுகள் மியாமியில் இருந்தது, 2019-ல் ஜார்ஜியா மாநிலத்தின் பெய்ன்பிரிட்ஜுக்கு மாறியது. ரோஸியும் பிரேசில்தான், 1889-ல் தொடங்கிய பழைய பெயர். அதன் கைத்துப்பாக்கிப் பிரிவு 1997-ல் டாரஸ் கைக்குப் போய்விட்டது. .22 ரக ‘ரஃப் ரைடர்’ செய்யும் ஹெரிடேஜை 2012-ல் டாரஸ் வாங்கியது. அதாவது கடையில் மூன்று பெட்டிகளில் மூன்று பெயர்கள் இருந்தாலும் பின்னால் இருப்பது ஒரே வீடு. "டாரஸ் வேண்டாம், ரோஸி எடுத்துக்கொள்கிறேன்" என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

சார்ட்டர் ஆர்ம்ஸ் 1964-ல் கனெக்டிகட்டில் பிறந்தது. ஐந்து தோட்டா பிடிக்கும் ‘அண்டர்கவர்’ அதன் முதல் பிள்ளை, .44 ஸ்பெஷல் சுடும் ‘புல்டாக்’ 1973-ல் வந்தது. 1990-களில் நிறுவனம் நொடித்துப்போய், கைமாறி, மறுபடி எழுந்தது. இப்போது ஷெல்டன் என்ற ஊரில் செய்கிறார்கள். ராக் ஐலண்ட் ஆர்மரி என்ற பெயரைப் பார்த்து அமெரிக்க ராணுவத்தின் ராக் ஐலண்ட் ஆயுதசாலையோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இது பிலிப்பைன்ஸின் மரிக்கினா நகரில் ஆர்ம்ஸ்கார் நிறுவனம் செய்வது. அதன் எம்200, எம்206 இரண்டும் ஆறு தோட்டா .38 ரிவால்வர்கள். மெருகு கிடையாது, கைப்பிடி சிலருக்கு உறுத்தும், ஆனால் கட்டுமானத்தில் ஒரு முரட்டு நேர்மை இருக்கும். ஜெர்மனியின் வைராவ் செய்யும் ‘வின்டிகேட்டர்’ இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அதன் .357 மாடலில் உடல் முழுக்க இரும்பு; .38 மாடலில் இலேசான உலோகக் கலவை. இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மேலே இரண்டு பெயர்களை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது: ரூகர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். .22 ரகத்தில் ரூகர் 2019-ல் ‘ராங்லர்’ என்ற மாடலை 249 டாலர் பட்டியல் விலையில் கொண்டுவந்து நேராக ரஃப் ரைடருக்குப் போட்டியாக நிறுத்தியது. இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ரஃப் ரைடரில் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைக் கையால் ஏற்றி இறக்கித்தான் ஹேமரை, அதாவது ட்ரிகரை இழுத்ததும் முன்னால் பாய்ந்து அடிக்கும் சுத்தியலை, தடுக்க வேண்டும். ராங்லரில் அந்தத் தடுப்பு தானாகவே உள்ளே நடக்கிறது. அது எப்படி என்பதைப் படி 3-ல் சொல்கிறேன், அங்கேதான் உயிர் இருக்கிறது.

படி 2: வாரண்ட்டி வாசகத்தைக் கடையிலேயே படியுங்கள்

அமெரிக்காவில் 1975-ல் வந்த மாக்னுசன்–மாஸ் வாரண்ட்டிச் சட்டம் பற்றி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. எழுத்தில் வாரண்ட்டி தரும்படி எந்த நிறுவனத்தையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் தந்தால், அது ‘முழு’ வாரண்ட்டியா ‘வரையறுக்கப்பட்ட’ வாரண்ட்டியா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். 15 டாலருக்கு மேற்பட்ட பொருளென்றால் வாங்குவதற்கு முன்பே அந்த வாசகத்தைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும். "பெட்டிக்குள்ளே இருக்கும், வீட்டில் போய்ப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், பணிவாக, "இப்போதே பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.

படிக்கும்போது நான் தேடுவது இவற்றை: ‘ஆயுள்’ என்றால் யாருடைய ஆயுள்? வாங்கிய முதல் ஆளுக்கு மட்டுமா, ரிவால்வர் யார் கைக்குப் போனாலுமா? அனுப்பும் செலவு யாருடையது? எதைச் செய்தால் வாரண்ட்டி போய்விடும்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களால் வந்த சேதமும், உள்பாகங்களை நாமே தேய்த்து மாற்றியதால் வந்த கோளாறும். ட்ரிகர் மிருதுவாக வேண்டும் என்று இணையத்தில் வீடியோ பார்த்து ஸ்பிரிங்கை வெட்டுபவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

டாரஸ் 1984-ல் ஆயுட்கால இலவசப் பழுதுநீக்கம் என்று அறிவித்தபோது அது சந்தையையே அசைத்தது. மலிவான துப்பாக்கிமேல் இருந்த அச்சத்தை அந்த ஒரு அறிவிப்பு பாதியாக்கியது. இன்றைய வாசகம் ‘வரையறுக்கப்பட்ட ஆயுட்கால வாரண்ட்டி’. பழைய வாக்குறுதியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய துப்பாக்கியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள், சீரியல் நம்பரைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிட்டு வாங்குவதே பாதுகாப்பு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஆயுட்கால சர்வீஸ் கொள்கை முதலில் வாங்கியவருக்கு உரியது.

இனி ரூகர். இவர்களிடம் எழுத்தில் வாரண்ட்டியே கிடையாது. பெட்டிக்குள் வாரண்ட்டி அட்டை ஏன் இல்லை என்பதை விளக்கும் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இதே நிறுவனம், 1953 முதல் 1972 வரை தான் விற்ற பழைய சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துச் சுடும்) ரிவால்வர்களை இன்றும் இலவசமாகப் பாதுகாப்பு அமைப்புக்கு மாற்றித் தருகிறது. அரை நூற்றாண்டு தாண்டிய துப்பாக்கி, எத்தனையாவது கையில் இருந்தாலும். இதிலிருந்து நான் கற்றது: வாரண்ட்டி என்பது ஒரு தாள், சர்வீஸ் என்பது ஒரு பழக்கம். தாளைப் படியுங்கள், ஆனால் பழக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

அந்தப் பழக்கத்தை வாங்கும் முன்பே கொஞ்சம் அளந்து பார்க்க முடியும். வாரநாளில் அவர்களின் சர்வீஸ் எண்ணுக்கு அழையுங்கள். "இந்த மாடல் வாங்க யோசிக்கிறேன், பழுது வந்தால் எப்படி அனுப்புவது, இப்போது எத்தனை வாரம் ஆகிறது?" என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வைத்தார்கள், பதில் சொன்னவருக்கு மாடல் பெயர் தெரிந்திருந்ததா, வாரக் கணக்கைத் தயங்காமல் சொன்னாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே நாளில் அழைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் தேடிவிடுங்கள். 2005 தொடக்கத்திலிருந்து 2017 முடிவு வரை டாரஸ் செய்த சில ரோஸி .38, .357 ரிவால்வர்கள் கீழே விழுந்தால் சுடக்கூடும் என்று பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டுகளின் ரோஸி இரண்டாம் கைச் சந்தையில் இன்னும் கிடைக்கிறது, அதுவும் ஆசைகாட்டும் விலையில். சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள். அதற்கும் முந்தைய ரோஸிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தது இன்டர்ஆர்ம்ஸ் என்ற இறக்குமதியாளர். அந்த நிறுவனம் இப்போது இல்லை. அவற்றுக்குப் பாகம் தேடுவது உங்கள் பாடு.

டாரஸின் பிஸ்டல்களைப் பற்றிய வழக்கையும் பலர் குறிப்பிடுவார்கள். 2013-ல் தொடுக்கப்பட்டு, ஏறக்குறைய 10 லட்சம் பிஸ்டல்களை உள்ளடக்கிய சமரசத்தில் முடிந்த வழக்கு அது. ஒன்பது மாடல்கள், எல்லாமே பிஸ்டல்கள், ரிவால்வர் ஒன்றுகூட இல்லை. அதை வைத்து டாரஸின் 856 என்ற ரிவால்வரை எடைபோடுவது நியாயமில்லை. ஆனால் அரசாங்க ஆணையம் இல்லாத இடத்தில் ஒரு குறை எந்தப் பாதையில் வெளியே வர வேண்டியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இன்னொரு வழியும் உண்டு. கலிஃபோர்னியா 2001 முதல் தன் மாநிலத்தில் விற்கும் கைத்துப்பாக்கிகளை ஆய்வகத்தில் கீழே போட்டும், 600 தோட்டா சுட்டும் சோதிக்கிறது. தேறியவற்றின் பட்டியல் பொதுவில் கிடைக்கும். நீங்கள் டெக்சஸில் இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை. பட்டியலில் இல்லை என்பதாலேயே மோசம் என்றாகாது, சில நிறுவனங்கள் சோதனைக்கு அனுப்புவதே இல்லை. இருந்தால் ஒரு தைரியம்.

படி 3: கடையில் கையால் சோதிப்பது

எனக்கு இந்தப் பகுதிதான் சொந்த ஊர் மாதிரி. அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் மேசையில் கிடக்கும் ஃபில்லர் கேஜை, சின்னச் சந்துகளை அளக்கும் அந்த மெல்லிய தகடுகளின் கட்டை, விசிறி மாதிரி விரித்து விளையாடுவேன். அதே ஃபில்லர் கேஜ் இங்கே கார் உதிரிபாகக் கடையில் பத்து டாலருக்குள் கிடைக்கிறது. ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். மலிவு விலையில் ஒரே மாடலில் ஒரு துப்பாக்கிக்கும் அடுத்ததற்கும் இருக்கும் வேறுபாடு, இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆகவே "எந்த மாடல்?" என்று கேட்பது பாதி வேலைதான். "இந்தப் பெட்டியில் இருக்கும் இந்த ஒன்று எப்படி?" என்பது மீதி.

முதலில் தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். காலியாக ட்ரிகரை இழுக்கலாமா என்று அவரிடம் அனுமதி கேளுங்கள். .22 ரகத்தில் வெறுமனே இழுத்தால் அறையின் விளிம்பில் அடி விழும் என்பதால் பல கடைகளில் விட மாட்டார்கள், அது சரியும்கூட. முனை எப்போதும் ஆளில்லாத பக்கம்.

இப்போது ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னால் இழுங்கள். இன்னொரு கை விரலைச் சிலிண்டர்மேல் லேசாக, ஒரு இறகின் கனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேமர் கடைசிவரை வந்து நிற்பதற்கு முன்பே சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்றபிறகும் சிலிண்டரை விரலால் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால், அந்த அறை பேரலுக்கு (குழலுக்கு) நேராக வரவில்லை என்று பொருள். சுடும்போது தோட்டாவின் ஒரு ஓரம் பேரல் விளிம்பில் சீவப்பட்டு, ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். இதை ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து அறை என்றால் ஐந்து தடவை. நாலு சரியாக இருந்து ஐந்தாவது தப்பாக இருக்கும், அந்த ஐந்தாவதைத்தான் தேடுகிறோம்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு ரிவால்வரில், மூன்று அறைகளைச் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று பணத்தைக் கட்டிவிட்டேன். ரேஞ்சில் பக்கத்து மேடையில் நின்ற என் மச்சான், "மாமா, ஏதோ கன்னத்தில சுரீர்னு குத்துது" என்றான். தொட்டுப் பார்த்தால் ஊசிமுனை அளவு ஈயத் துணுக்கு, ஒரு பொட்டு ரத்தம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தபோது நாலாவது அறை பூட்டாமலே நின்றது. கடையில் இன்னும் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அந்தத் துப்பாக்கி என் கைக்கே வந்திருக்காது.

அடுத்தது இடைவெளி. சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்விளிம்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து ஏறக்குறைய எல்லா ரிவால்வரிலும் உண்டு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூலிழை மாதிரி தெரியும். இருபுறமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல் என்றால் பேரலின் பின்முகம் நேராக வெட்டப்படவில்லை. ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.20 வரை, அதாவது அங்குலத்தில் .004 முதல் .008 வரை இருந்தால் நிம்மதி. .010 தகடு தாராளமாகப் போனால் நான் வாங்க மாட்டேன். .003 தகடுகூடப் போகவில்லை என்றாலும் யோசிப்பேன்: ஐம்பது தோட்டா சுட்டுச் சூடேறிக் கரி படிந்ததும் சிலிண்டர் உரசிக்கொண்டு நிற்கும்.

அதே இடத்தில் இன்னொரு அளவு. மூடிய சிலிண்டரை விரலால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். பின்னால் தள்ளிப் பிடித்து ஒருமுறை, முன்னால் தள்ளிப் பிடித்து ஒருமுறை தகடு விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டரின் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் அது .002, .003 அங்குலத்தோடு நின்றுவிட வேண்டும். இந்த ஆட்டம் சுடச்சுட வளரும், குறையாது.

இனி, உயிர் இருக்கிறது என்று சொன்ன இடம். இன்றைய பல ரிவால்வர்களில் ஹேமர் நேராக, தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தொடாது. ட்ரிகரை இழுத்தால் மட்டும் ஒரு சின்ன இரும்புப் பட்டை மேலே எழுந்து இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஹேமர் அந்தப் பட்டையை அடிக்க, பட்டை பின்னை அடிக்கும். ட்ரிகரை விட்டால் பட்டை கீழே போய்விடும், பிறகு துப்பாக்கி தரையில் விழுந்தாலும் ஹேமரின் அடி பின்னுக்குப் போய்ச் சேராது. அப்படிப்பட்ட ரிவால்வரில் இதைப் பார்ப்பது சுலபம். ஹேமரைப் பின்னால் இழுத்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தியபடியே மெல்ல முன்னால் விடுங்கள். அந்த இடுக்கில் பட்டை எழுந்து நிற்பது தெரியும். ட்ரிகரை விடுங்கள். பட்டை தயக்கமில்லாமல் சரேலென்று கீழே இறங்க வேண்டும். பாதியில் தங்கினால், மந்தமாக இறங்கினால், அதை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹேமரைப் பின்னால் நிறுத்திவிட்டு, ட்ரிகரைத் தொடாமல் ஹேமரை முன்பக்கமாகக் கட்டைவிரலால் ஓரளவு அழுத்தியும் பாருங்கள். நழுவி விழக்கூடாது. விழுந்தால் பேச்சே இல்லை.

மற்றவை கண்ணால் முடியும். முன்குறி நேராக நிற்கிறதா, பேரல் ஒரு பக்கம் திருகி ஏறியிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். மலிவு விலையில் இது அடிக்கடி வரும் குறை, துப்பாக்கி பக்கவாட்டில் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பேரலுக்குள் வெளிச்சம் விட்டுச் சுருள்வரிகளில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். காலி உறைகளைத் தள்ளும் கம்பியைத் திருகிப் பாருங்கள். அது தளர்ந்து நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்கவே திறக்காது. மேல்பூச்சில் ஒரு கீறல், கைப்பிடியில் ஒரு பிசிறு இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைக்காரர் பொறுமை இழந்தால்? நல்ல கடைக்காரர் இழக்க மாட்டார். அதே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துவைத்து ஒப்பிடக் கேட்டாலும் தருவார். தராத கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். இணையத்தில் 30 டாலர் குறைவாகக் கிடைக்கிறது என்று பார்க்காமலே வாங்குபவர்கள், இந்தப் பத்து நிமிடத்தை அந்த 30 டாலருக்கு விற்றுவிடுகிறார்கள்.

படி 4: முதல் 200 தோட்டா

புது ரிவால்வரில் எண்ணெயும் உலோகத்தூளும் இருக்கும். முதலில் துடையுங்கள். பிறகு ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். குறை வந்தால் அது எந்த அறையில் வந்தது என்று சொல்ல இதுதான் வழி.

கண்ணாடியும் காதடைப்பும் போடாமல் தொடாதீர்கள், பக்கத்தில் நிற்பவரும் போட்டிருக்க வேண்டும். விரலைச் சிலிண்டருக்கு முன்னால் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. முதல் தடவை சாதாரண .38 ஸ்பெஷல் 50 போதும். அழுத்தம் கூடிய +பி ரகத்தைக் கையேடு அனுமதித்தால் மட்டும், அதுவும் பிறகு.

சுட்ட உறைகளை அறைவாரியாக எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஃபயரிங் பின் விட்ட குழி ஒவ்வொன்றிலும் நடுவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ட்ரிகரை இழுத்தும் சுடவில்லை என்றால், முனையை இலக்கை நோக்கியே பிடித்து 30 விநாடி காத்திருந்துவிட்டுத் திறங்கள். அந்தத் தோட்டாவில் குழி மேலோட்டமாக இருந்தால் ஹேமரின் அடி போதவில்லை. குழி ஆழமாக இருந்தும் சுடவில்லை என்றால் தோட்டாவின் குறையாக இருக்கலாம், வேறு கம்பெனித் தோட்டாவில் முயலுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். தோட்டா பேரலிலேயே சிக்கியிருக்கலாம்.

நூறாவது தோட்டாவுக்கு மேல் சிலிண்டர் கனமாகச் சுழன்றால் உடனே கம்பெனியைத் திட்ட வேண்டாம். உறை தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே போதும், சிலிண்டர் இறுகிவிடும். அதைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்தும் இறுகினால் அது துப்பாக்கியின் குறை.

இரண்டு மூன்று தடவையாக 200 தோட்டா சுத்தமாகச் சுட்டுவிட்டால் நம்பலாம் என்பது என் கணக்கு. தோட்டாச் செலவு துப்பாக்கி விலையில் பெரிய பங்காகத் தெரியும். பரவாயில்லை, அதையும் விலையோடு சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வாங்கினாலும் நான் இதைச் செய்வேன்.

படி 5: பழுது வந்தால் அனுப்பும் முறை

குறையுள்ள ரிவால்வரைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவது பெரும்பாலும் நடக்காது. விற்றுவிட்ட துப்பாக்கி பழைய பொருள்தான். நேராக நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். சட்டம் இங்கே நமக்குச் சாதகம்: பழுதுக்காக உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு நாமே அனுப்பலாம், அவர்களும் கடை வழியாகப் போகாமல் நம் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம்.

ஆனால் வண்டி ஏற்றுவதுதான் சிக்கல். பெரிய தனியார் கூரியர்கள் 2022 வாக்கில் விதிகளை இறுக்கி, உரிமம் இல்லாதவர்கள் நேரடியாக அனுப்பும் துப்பாக்கிகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. அதனால் முன்பணம் கட்டிய அனுப்புச் சீட்டை நிறுவனமே மின்னஞ்சலில் தருகிறதா என்பது இன்று வாரண்ட்டியின் முக்கியமான வரி. தராவிட்டால் உள்ளூர்க் கடை வழியாக அனுப்ப வேண்டும். அந்தச் செலவு ஒரு மலிவு ரிவால்வரின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். இதை வாங்கும் முன் செய்த தொலைபேசி அழைப்பிலேயே கேட்டு வைத்திருப்பீர்கள்.

இனி, என் ரிவால்வர் போய்வந்த கதை. முதல் தடவை "ஈயம் தெறிக்கிறது, தயவுசெய்து சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: சோதித்தோம், அளவுகள் சரி. அறைகளைப் பார்த்தேன். நாலாவது அறை அப்படியே இருந்தது. அன்று வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை அந்த அறைக்குப் பக்கத்தில் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். ஹேமரை மெல்ல இழுப்பதையும் சிலிண்டர் பூட்டாமல் நிற்பதையும் நெருக்கத்தில் வைத்து 20 விநாடி வீடியோ எடுத்தேன். கடிதத்தில் நாலு வரி: மாடல், சீரியல் நம்பர், சுட்ட தோட்டாவின் ரகமும் எண்ணிக்கையும், "சிவப்புப் பொட்டு வைத்த அறை, ஹேமர் முழுதாக நின்றபின்னும் பூட்டவில்லை". ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும், வீடியோவை மின்னஞ்சலிலும். மூன்று வாரத்தில் புதுச் சிலிண்டரோடு வந்தது.

இரண்டு தடவையும் ஒரே துப்பாக்கி, ஒரே குறை, ஒரே கம்பெனி. மேசையில் இருப்பவர் ஒரு நாளில் எத்தனையோ துப்பாக்கிகளைப் பார்க்கிறார். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினால் அவருக்கும் வேலை எளிது. ஆகவே "சரியாகச் சுடவில்லை" என்று எழுதாதீர்கள். எந்த அறை, எத்தனையாவது தோட்டா, எந்தத் தோட்டா என்று எழுதுங்கள். ஃபில்லர் கேஜ் அளவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அனுப்பும் பெட்டிக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது, சுட்ட உறைகளைக்கூட முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் வையுங்கள். நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட கைப்பிடி, குறி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து, பில்லின் நகலையும் அனுப்புச் சீட்டின் எண்ணையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள் என்பதும் அதே உறைக்குள். இரண்டாவது அழைப்பில் "போன 14-ஆம் தேதி பேசினேன், இந்த எண் கொடுத்தார்கள்" என்று தொடங்கிப் பாருங்கள், எதிர்முனையின் குரலே மாறும்.

எதை வாங்கலாம்?

கேட்பீர்கள் என்று தெரியும். வீட்டுப் பாதுகாப்புக்கு 400 டாலருக்குள் ஒரே ஒரு ரிவால்வர் என்றால், நான் மூன்று டாரஸ் 856-ஐ மேசையில் வைக்கச் சொல்லி, மேலே சொன்ன சோதனையில் தேறுவதை எடுப்பேன். ஆறு தோட்டா, கையேடு +பி-யை அனுமதிக்கிறது, இடுப்பில் மாட்டும் உறைகளும் பாகங்களும் எங்கும் கிடைக்கும். எடை பொருட்டல்ல, மேசை டிராயரிலேயே இருக்கும் என்றால் ராக் ஐலண்ட் எம்200. ஒன்றுமே தேறவில்லை என்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, இன்னும் சில மாதம் சேர்த்து ரூகர் எல்சிஆர் பக்கம் போவேன். .22-ல் விளையாட்டாகக் குறி பார்க்க மட்டும் என்றால் ராங்லருக்கும் ரஃப் ரைடருக்கும் இடையே இருக்கும் விலை வித்தியாசத்தை, அந்த இரும்புப் பட்டைக்காகக் கொடுத்துவிடுவேன்.

படி 6: பழுதுபார்த்து வந்தபின்

கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்ததும் நேராக ரேஞ்சுக்குப் போகத் தோன்றும். பொறுங்கள். பெட்டியைப் பிரித்து, முதலில் சீரியல் நம்பர் உங்களுடையதுதானா என்று பில்லோடு ஒப்பிடுங்கள்; சில சமயம் நிறுவனம் பழையதைச் சரிசெய்யாமல் புதுத் துப்பாக்கியையே மாற்றித் தரும், அப்போது நம்பர் மாறியிருக்கும். பிறகு சிலிண்டரைத் திறந்து காலியா என்று பாருங்கள். மறுபடி ஹேமரை மெல்ல இழுங்கள், ஒவ்வோர் அறையாக. இடைவெளியில் தகடு விடுங்கள். பட்டை எழுகிறதா, இறங்குகிறதா பாருங்கள். சிலிண்டரை மாற்றியிருந்தால் பழைய அளவுகள் செல்லாது, புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

என்னுடையது வந்த அன்று மச்சானும் கூட இருந்தான். நான் மூன்றாவது அறையை முடித்துவிட்டு நாலாவதற்கு விரலை நகர்த்தும்போது அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுவந்தான். ஹேமர் பாதி தூரம் தாண்டியதும், அது முழுதாக வந்து நிற்பதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே, ‘டக்’ என்று கேட்டது.